பூவுக்கு முகம் தந்த தோட்டக்காரர்

லண்டன் ஹீத்ரு விமான நிலையத்துக்கு வடக்கே, சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிராமம் இருக்கிறது. பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த அந்தக் கிராமத்தின் பெயர் ஐவர். தமிழில் எழுதினால் ஐந்து பேர் என்று படிக்கத் தோன்றும். வேடிக்கையான பொருத்தம்தான். அந்த ஊரிலிருந்து உலகமெல்லாம் போன பான்சிப் பூவுக்கும் இதழ்கள் ஐந்துதான்.

ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் பான்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். தொட்டியில் தாழ்வாக வளர்ந்து, மஞ்சள், ஊதா, வெள்ளை, அரக்கு என்று பல நிறங்களில் பூத்திருக்கும். பூவின் நடுவில் கறுப்பாக மை தீட்டியதுபோல ஒரு திட்டு. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் பூனையோ குரங்கோ முறைப்பதுபோல இருக்கும். குழந்தைகள் முதலில் ஓடிப்போய் நிற்பது அந்தத் தொட்டிகளிடம்தான்.

அந்த ‘முகம்’ இயற்கையிலேயே இருந்ததல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு பூவே உலகில் இல்லை. அதை முதலில் கண்டெடுத்தவர் ஒரு சம்பளத் தோட்டக்காரர்.

வயல் ஓரத்துக் களை

பான்சியின் மூதாய் ஐரோப்பாவில் தானாக முளைக்கும் ஒரு சிறு செடி. வயல் ஓரம், மேய்ச்சல் நிலம், தரிசு என்று எங்கும் தலைகாட்டும். பூ ஒரு விரல் நகத்தின் அளவுதான். ஊதா, மஞ்சள், வெள்ளை மூன்றும் ஒரே பூவில் கலந்திருப்பதால் தாவரவியலில் வயோலா ட்ரைகலர், அதாவது மூவண்ண வயோலா என்று பெயர். ஆங்கிலேயக் கிராமத்து மக்கள் அதை ‘ஹார்ட்ஸ் ஈஸ்’ என்றார்கள். நெஞ்சுக்கு ஆறுதல் என்று பொருள். நாட்டு மருத்துவத்திலும் அதற்கு இடம் உண்டு. ‘பான்சி’ என்ற பெயர் பிரெஞ்சு மொழியில் நினைவு, எண்ணம் என்று பொருள்படும் ‘பான்ஸே’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஜெர்மனியில் இதற்கு ‘சின்ன மாற்றாந்தாய்’ என்று பெயர். அதற்கு ஒரு கதையும் உண்டு. பூவின் அடியில் இருக்கும் பெரிய இதழ்தான் மாற்றாந்தாய். பக்கத்தில் இருக்கும் இரண்டும் அவள் பெற்ற பெண்கள். மேலே இருக்கும் இரண்டும் மூத்த தாரத்துப் பெண்கள். பூவைத் திருப்பிப் பார்த்தால் பச்சையாக ஐந்து புல்லி இதழ்கள் தெரியும். அவைதான் நாற்காலிகள். மாற்றாந்தாய் இரண்டு நாற்காலிகளில் அகலமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு நாற்காலி. மூத்த தாரத்துப் பெண்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. தாவரவியல் வகுப்பில் சொல்லித்தர வேண்டியதை அந்த ஊர்ப் பாட்டிகள் கதையாகவே சொல்லிவைத்தார்கள்.

தேம்ஸ் கரையில் ஆரம்பம்

ஐவருக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றின் கரையில் வால்டன் என்ற ஊர். 1800களின் தொடக்கத்தில் டேங்கர்வில் பிரபுவின் தோட்டம் அங்கே இருந்தது. அவருடைய மகள் மேரி எலிசபெத் பென்னட், கிடைத்த இடங்களிலிருந்தெல்லாம் காட்டு ஹார்ட்ஸ் ஈஸ் செடிகளைக் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தார். தோட்டக்காரர் வில்லியம் ரிச்சர்ட்சன், நல்ல பூக்களிலிருந்து விதை எடுத்து, விதைத்து, மறுபடி தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகளிலேயே பூக்கள் பெரிதாகி, நிறங்களும் கூடின. 1812-13ஆம் ஆண்டுகளில் அவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. லீ என்ற நாற்றுப் பண்ணைக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு விற்பனைக்காக வளர்க்கத் தொடங்கினார்.

ஏறத்தாழ அதே சமயத்தில்தான் ஐவரிலும் வேலை தொடங்கியது. அங்கே குடியிருந்தவர் ஜேம்ஸ் கேம்பியர் பிரபு. ஆங்கிலேயக் கடற்படையில் பெரிய தளபதியாக இருந்தவர். ஒருநாள் தன் நிலத்தில் முளைத்திருந்த மஞ்சள், வெள்ளை ஹார்ட்ஸ் ஈஸ் செடிகளை வேரோடு எடுத்துவந்து, தோட்டக்காரர் வில்லியம் தாம்ஸனிடம் கொடுத்து, வளர்த்துப் பார்க்கச் சொன்னார். இதைத் தாம்ஸனே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

தாம்ஸன் அந்தச் செடிகளோடு நிற்கவில்லை. மலைப்பகுதிகளில் வளரும் மஞ்சள் வயோலா, ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்த அல்டாய் வயோலா என்று வேறு இனங்களையும் சேர்த்தார். மூவண்ணப் பூவில் இருந்தது நிறம். மற்றவை பூவின் அளவைக் கூட்டின. இப்படிப் பல இனங்கள் கலந்து பிறந்ததுதான் இன்றைய தோட்டப் பான்சி. 1830களில் பெயர் சூட்டப்பட்ட ரகங்கள் மட்டும் சுமார் 400 விற்பனைக்கு வந்துவிட்டன.

அதுவரை எல்லாப் பூவிலும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடுகள் மட்டுமே இருந்தன. தேன் எங்கே இருக்கிறது என்று வண்டுக்கு வழிகாட்டும் கோடுகள் அவை. ஒருநாள் காலை, சில காலமாகக் கவனிக்காமல் விட்டிருந்த ஹீத் என்னும் குறுஞ்செடிகளின் பக்கம் தாம்ஸன் போனார். அங்கே விதை விழுந்து தானாக முளைத்த ஒரு பான்சி பூத்திருந்தது. கோடுகளுக்குப் பதிலாக அகலமான கறுப்புத் திட்டு. ஒரு குட்டிப் பூனை தன்னையே உற்றுப் பார்ப்பதுபோலத் தோன்றியதாகத் தாம்ஸன் எழுதுகிறார். உடனே அதைப் பெயர்த்து எடுத்து, தனியாக நட்டு, ‘மெடோரா’ என்று பெயர் வைத்தார். 1839ஆம் ஆண்டு அது வெளியே வந்தது. இன்று உலகில் ‘முகத்தோடு’ பூக்கும் பான்சிகளின் கதை அந்தச் செடியில்தான் தொடங்குகிறது.

பாத்தி கட்டி, விதை தேர்ந்து, ஆண்டுக் கணக்கில் உழைத்த இடத்தில் அது வரவில்லை. களை எடுக்காமல் விட்ட மூலையில் வந்தது. ஆனால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆயிரக்கணக்கான பூக்களைப் பார்த்துப் பழகிய கண் இல்லாமல் இருந்திருந்தால், அது களையோடு களையாகக் குப்பைக்குப் போயிருக்கும்.

கேம்பியர் பிரபுவின் பெயர் பசிபிக் பெருங்கடலில் ஒரு தீவுக்கூட்டத்துக்கும் அமெரிக்காவில் ஓர் ஊருக்கும் இருக்கிறது. தோட்டப் பான்சியின் தாவரவியல் பெயரான ‘விட்ரோக்கியானா’, அதன் வரலாற்றை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் வெய்ட் விட்ராக்கை நினைவுகூர்கிறது. தாம்ஸனுக்குக் கிடைத்தது, பூ வளர்ப்பவர்கள் பிரியமாகச் சொல்லும் ‘ஹார்ட்ஸ் ஈஸின் தந்தை’ என்ற பட்டம் மட்டும்தான். விட்ராக் பிறந்த ஆண்டும் அதே 1839தான்.

பூனை, எலி, வண்டு, பூ

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில், அந்நாளில் கென்ட் மாவட்டத்தில் இருந்த டவுன் என்ற சிற்றூர். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின் 1842 முதல் 40 ஆண்டுகள் வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டுத் தோட்டமே அவருடைய ஆய்வுக்கூடம். அவர் ஆராய்ந்த செடிகளில் ஹார்ட்ஸ் ஈஸும் ஒன்று.

1859இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் டார்வின் ஒரு கணக்குப் போட்டார். ஹார்ட்ஸ் ஈஸ் காய்பிடிக்க முக்கியமான துணை, உடம்பெல்லாம் முடியுள்ள பெரிய வண்டுத்தேனீ. அந்தத் தேனீ மண்ணுக்குள் கூடு கட்டும். வயல் எலிகள் அந்தக் கூட்டைக் கலைத்துத் தின்றுவிடும். ஊருக்குப் பக்கத்தில் பூனைகள் அதிகம். அதனால் அங்கே எலிகள் குறைவு, தேனீக் கூடுகள் அதிகம் என்று தேனீக்களை ஆராய்ந்த ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அப்படியானால், ஓர் ஊரில் எத்தனை பூனைகள் இருக்கின்றன என்பதே அங்கே எவ்வளவு பூப் பூக்கும் என்பதைத் தீர்மானிக்கலாம் என்றார் டார்வின்.

பிறகு வலை போட்டு மூடியும் பார்த்தார். வண்டு வராமல் மூடிய செடிகளில் மிகக் குறைந்த காய்களே பிடித்தன. தன் மகரந்தத்திலேயே காய்த்த விதையையும், வேறு செடியின் மகரந்தம் சேர்ந்து காய்த்த விதையையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்தார். முதல் வகைச் செடிகள், இரண்டாவது வகையின் பாதி உயரம்கூட வரவில்லை. வயலில் தேனீயும் வண்டும் வேண்டும் என்று இன்று சொல்லப்படுவதை, ஒரு களைச் செடியை வைத்து அன்றே கண்ணால் காட்டிவிட்டார் அவர்.

ஸ்காட்லாந்து மலையடிவாரம்

ஊருக்கு ஊர் சங்கம் வைத்துப் போட்டி நடத்தும் அளவுக்குப் பான்சிப் பித்து பரவியது. லண்டன் பக்கத்தில் ஹாமர்ஸ்மித்தில் 1841இலும், ஸ்காட்லாந்தில் 1845இலும் பான்சிக்கென்றே சங்கங்கள் அமைந்தன. பூ வட்டமாக இருக்க வேண்டும், இதழ் தடிப்பாக இருக்க வேண்டும், ஓரம் சுருங்கக் கூடாது, திட்டு இதழின் விளிம்பைத் தொடக் கூடாது என்று ஏகப்பட்ட விதிகள். ‘ஷோ பான்சி’ என்று இவற்றுக்குப் பெயர். பிறகு பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் வளர்ந்த, பெரிய திட்டுகளோடு பளிச்சென்ற நிறமுள்ள ‘ஃபேன்சி பான்சி’கள் வந்து அவற்றோடு போட்டியிட்டன.

இந்த அழகுப் போட்டியில் ஒன்று நழுவிப்போனது. பூ பெரிதாகப் பெரிதாக, செடியின் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைந்தது. குளிருக்கும் மழைக்கும் சாய்ந்தது. ஓர் ஆண்டுக்குமேல் நிற்பது அரிதானது.

இதற்குத் தீர்வு தேடியவர் எடின்பரோ நகரில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த ஜேம்ஸ் கிரீவ். நகரத்துக்குத் தெற்கே பென்ட்லாண்ட் மலைத்தொடர் இருக்கிறது. புல்லும் காற்றும்தான் அங்கே. அந்த மலைச்சரிவில் வளர்ந்த மஞ்சள் வயோலாவைக் கொண்டுவந்தார். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் பிரனீஸ் மலையின் கொம்பு வயோலாவையும் எடுத்துக்கொண்டார். 1860களில் இவற்றை ஷோ பான்சிகளோடு கலந்தார். வந்த செடிகள் குத்தாக, அடர்த்தியாக வளர்ந்தன. ஆண்டுக் கணக்கில் நின்றன. மாதக் கணக்கில் பூத்தன. ‘டஃப்டட் பான்சி’, பிறகு ‘வயோலா’ என்று அவை பெயர் பெற்றன. கிரீவ் பெயரில் ஓர் ஆப்பிள் ரகமும் இன்றுவரை பிரிட்டன் தோட்டங்களில் காய்க்கிறது.

எல்லையோரத்தில் சர்ன்சைட் என்ற கிராமம். அங்கே மருத்துவராக இருந்த சார்லஸ் ஸ்டூவர்ட், 1874இல் கொம்பு வயோலாவில் ஒரு பான்சியின் மகரந்தத்தைச் சேர்த்தார். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் கழித்து, நடுவில் கோடே இல்லாத, மணமுள்ள சிறு பூவைக் கொண்டுவந்தார். ‘வயோலெட்டா’ என்ற புது வகை அதிலிருந்து வந்தது. பூ பெரிதாக வேண்டும் என்று எல்லோரும் ஓடியபோது, இவர் சிறிதாகவும் உறுதியாகவும் இருந்தால் போதும் என்று எதிர்த்திசையில் நடந்தவர்.

கிரீவும் ஸ்டூவர்ட்டும் ஒன்றைச் செய்தார்கள். பலம் இழந்த ரகத்துக்குப் பலம் தேட, மலையில் இருந்த காட்டுச் செடியிடம் திரும்பிப் போனார்கள். அந்தக் காட்டுச் செடி அழியாமல் இருந்ததால்தான் அது முடிந்தது.

400 பெயர்கள் எங்கே?

அன்றைய பட்டியல்களில் இருந்த 400 ரகங்களில் பெரும்பாலானவை இன்று பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. காரணம் எளிமையானது. பெயருள்ள பான்சி ரகம் விதையில் அப்படியே வராது. தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்து, ஆண்டுதோறும் புதுச்செடி ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வளர்த்தவர் இறந்தாலோ, ஒரு குளிர்காலத்தில் கவனிக்காமல் விட்டாலோ, அந்த ரகத்தின் கதை முடிந்தது. ‘மேகி மாட்’ போன்ற சில பழைய வயோலாக்கள் மட்டும், யாரோ ஒருவர் ஆண்டுதோறும் துண்டு வெட்டி வைத்ததால் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. பழைய நெல் ரகங்களைப் படி நெல்லாவது விதைத்துக் காப்பாற்றி வருபவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

விதையிலேயே ஓரளவு மாறாமல் வரும் ரகங்களையும் சிலர் உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் துன் ஏரிக்கரையில் இருக்கும் ஹில்டர்ஃபிங்கன் கிராமத்தில், ரோக்லி என்ற விதைக் குடும்பம் தேர்ந்தெடுத்த ‘சுவிஸ் ஜெயன்ட்’ ரகங்கள் அப்படிப்பட்டவை. பிடித்த செடியிலிருந்து விதை எடுத்து விதைத்தால், பெரும்பாலும் அதே சாயலில் வரும்.

அதன் பிறகு வந்தவை எஃப்-1 கலப்பின விதைகள். ஜப்பானில் உருவான ‘மெஜஸ்டிக் ஜெயன்ட்’ பான்சி 1966இல் அமெரிக்காவின் தேசிய அளவிலான விதைத் தேர்வில் பரிசு பெற்றது. உள்ளங்கை அகலப் பூ. எல்லாச் செடியும் ஒரே உயரம். ஒரே நேரத்தில் பூக்கும். தொட்டிச் செடி விற்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால், அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. ஒவ்வொரு பருவமும் கடைக்குத்தான் போக வேண்டும். வால்டனிலும் ஐவரிலும் தோட்டக்காரர் கையில் இருந்த விதை, இப்படித்தான் விதை நிறுவனத்தின் கைக்குப் போனது.

நீலகிரிக்கு ஏற்ற பூ

பான்சி குளிர்ப்பிரதேசச் செடி. தமிழ்நாட்டில் அதற்கு ஒத்துவருவது நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயரமான மலைகள்தான். 1848இல் தொடங்கப்பட்ட ஊட்டி தாவரவியல் பூங்காவில், மே மாதக் கண்காட்சிக்கு மாதங்களுக்கு முன்பே நாற்று வேலை ஆரம்பித்துவிடும். சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். வெயில் ஏறியதும் செடி நீண்டு மெலிந்து, பூ சிறுத்து நின்றுவிடும். விற்பனையை நம்பிச் சமவெளியில் இறங்க வேண்டாம்.

வளர்க்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் சுமார் 700 விதைகள் இருக்கும். குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து நிரப்பி, விதை மேல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் மூடவும். முளைக்க இருட்டு நல்லது; தட்டின் மேல் காகிதமோ சாக்கோ போட்டு மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிடவும். 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 முதல் 14 நாள்களில் முளைக்கும். 25 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு சரியும்.

நான்கைந்து இலை வந்ததும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். சற்றே புளிப்புத்தன்மை உள்ள, கார அமில நிலை 5.5 முதல் 6 வரை இருக்கும் மண் ஏற்றது. தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும். விதைத்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதங்களில் பூக்கும். வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதுப் பூ வரும். விட்டுவிட்டால் செடி விதை பிடிப்பதில் இறங்கிவிடும். அசுவினியும் நத்தையும் வரலாம். நத்தையை இரவில் விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதே சுலபம்.

பான்சி இதழ்களைச் சாப்பிடவும் செய்யலாம். சாலட், கேக் மேல் அலங்காரமாக வைக்கிறார்கள். ஆனால், பூச்சிமருந்து தெளிக்காமல், உண்பதற்கென்றே வளர்த்த செடியாக இருக்க வேண்டும். நர்சரியிலிருந்து வாங்கிய தொட்டிச் செடியின் பூவை வாயில் போடக் கூடாது.

எஃப்-1 அல்லாத ரகமாக இருந்தால் விதை எடுக்கலாம். பிஞ்சுக் காய் தலை கவிழ்ந்து தொங்கும். முற்றியதும் நிமிர்ந்து நின்று வெளிறும். அந்த நிலையில் பறித்து, காகிதப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் காய் மூன்றாக வெடித்து விதைகள் தெறித்துவிடும். விதையில் ஒட்டியிருக்கும் சத்துள்ள நுனிக்காக எறும்புகள் அதை இழுத்துக்கொண்டு போகும். அப்படி எங்கோ ஒரு மூலையில் போய் முளைக்கும் செடியைக் களையெடுக்கும்போது பிடுங்கிவிட வேண்டாம். பூக்கும்வரை விட்டுப் பாருங்கள். பூ வித்தியாசமாக இருந்தால், ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்து, அதன் விதையைத் தனியாக எடுத்து வையுங்கள்.